திண்டுக்கல்லில் கவர்னராக இருந்த ஹைதர் அலி



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு ஊழியக்காரரின் சரித்திரம் வரும். இந்த முறை ஒரு ராஜாவைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் மார்க்கத்தார் அல்ல. பின்னே ஏன் எழுதுகிறீர் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இந்தச் சரித்திரத்துக்குள் ஒரு ஊழியக்காரரும் வருகிறார்.

போன விடுமுறையில் நம் சபை வாலிபப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போயிருந்தேன். அகரத்திலிருந்து பஸ் ஏறினால் சந்தைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தப் பாறை கண்ணில் படாமல் இருக்காது. ஆனாலும் நம்மில் எத்தனை பேர் மேலே ஏறியிருக்கிறோம்? ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது ஒரு தம்பி கேட்டான், பாஸ்டர், இங்கே யார் இருந்தாங்க என்று. நாயக்கர் கட்டினது, பிறகு திப்பு சுல்தான் காலத்தில் அவங்க கையில் இருந்தது என்று சொல்லி முடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. எத்தனையோ நூறு மைல் தூரத்து எரிகோவின் மதிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவன், வாசலில் நிற்கிற கோட்டையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேச முடியவில்லையே! அதற்குப் பிறகுதான் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் ஒரு இடம் என்னைத் தூங்கவிடவில்லை. அதை அது வரும்போது சொல்கிறேன்.

திப்பு சுல்தானின் தகப்பனார்தான் ஹைதர் அலி. மகனுடைய பேர் பெரிதாகப் போய்விட்டதால் தகப்பன் பேர் கொஞ்சம் மறைந்துவிட்டது. ஆனால் ராஜ்யத்தை உண்டாக்கினவர் தகப்பன். அந்த ராஜ்யத்துக்கு அஸ்திபாரம் போட்ட இடம் நம்முடைய திண்டுக்கல்.

ஹைதர் அலி ஏறக்குறைய 1720-ல் கோலார் பக்கத்தில் பூதிக்கோட்டை என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பத்தே முகமது, சீரா நவாபின் படையில் ஒரு தலைவர். பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் யுத்தத்தில் செத்துப்போனார். வீட்டில் கடன் மட்டும் மிஞ்சியது. அந்தக் கடனுக்காக தொட்டபள்ளாபூரில் அதிகாரமாயிருந்தவன் ஹைதரையும் அண்ணன் ஷாபாஸையும் பிடித்து, பெரிய நகரா மேளத்துக்குள்ளே அடைத்து, மேலே தோலை அடித்தடித்து, வீட்டாரிடம் பணத்தை வாங்கினான் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆறேழு வயசுப் பிள்ளை. அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்! வாழ்நாள் முழுக்க அவர் ஒருத்தரையும் லேசில் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு மைசூர் படையில் சேர்ந்தார். அந்த நாட்களில் மைசூருக்கு உடையார் வம்சத்து ராஜா ஒருவர் பேருக்கு இருந்தார். ஆட்சி செய்தவர்கள் தேவராஜன், நஞ்சராஜன் என்ற இரண்டு மந்திரிகள். 1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் ஹைதருடைய தைரியத்தைப் பார்த்த நஞ்சராஜன் அவருக்கு ஒரு சிறு படையைக் கொடுத்தார். இதில் ஒரு விசேஷம். ஹைதருக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. தன் பேரின் முதல் எழுத்து ஒன்றை மட்டும் கையெழுத்தாகக் கீறுவார், அவ்வளவுதான். ஆனால் ஞாபகசக்தி அபாரம். கணக்கப்பிள்ளை வாசிக்க வாசிக்க, பத்து நாளைக்கு முன்னே வாசித்த கணக்கோடு மனசுக்குள்ளேயே ஒத்துப்பார்ப்பாராம். நம் சபையிலும் படிக்காத தாய்மார்கள் சிலர் வேதத்தை அதிகாரம் அதிகாரமாகச் சொல்கிறார்களே, அப்படி ஒரு தலை.

அடுத்து திருச்சி. 1751-க்குப் பிறகு திருச்சிராப்பள்ளிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் நின்ற முகமது அலி மைசூர்க்காரரைத் துணைக்குக் கூப்பிட்டார். ஜெயித்தால் திருச்சியையே தந்துவிடுகிறேன் என்பது ஒப்பந்தம். நஞ்சராஜன் நம்பிப் படையோடு வந்தார், ஹைதரும் கூட வந்தார். ஜெயித்தாயிற்று. ஆனால் கோட்டையைத் தரவில்லை. எழுதிக்கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. நஞ்சராஜன் பக்கம் மாறி பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் போராடிப் பார்த்து, கஜானா காலியானதுதான் மிச்சமென்று 1755-ல் ஊர் திரும்பினார். ஹைதர் இதையெல்லாம் கூடாரத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1755-ல்தான் அவர் திண்டுக்கல்லுக்கு பவுஜ்தாராக வந்தார். பவுஜ்தார் என்றால் படைக்கும் தலைவர், வரி வசூலுக்கும் தலைவர். இன்றைய பேச்சில் சொன்னால் கவர்னர். அதற்கு சுமார் பத்து வருஷம் முன்னேதான் திண்டுக்கல் மைசூர் கைக்கு வந்திருந்தது. சுற்றிலும் பாளையக்காரர்கள். பழனி, விருப்பாச்சி, கன்னிவாடி, அம்மையநாயக்கனூர் என்று நமக்கெல்லாம் தெரிந்த ஊர்கள்தான். ஒருத்தரும் கப்பம் கட்டவில்லை. அவர்களை அடக்கத்தான் ஹைதரை அனுப்பினார்கள்.

எப்படி அடக்கினார் என்பதை வில்க்ஸ் என்ற ஆங்கில அதிகாரி தன் மைசூர் சரித்திரத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். 1810-ல் வெளிவரத் தொடங்கிய புஸ்தகம் அது. வில்க்ஸ் விரோதி தேசத்தார் என்பதை மனசில் வைத்துத்தான் நாம் வாசிக்கவேண்டும். ஆனாலும் ஹைதரோடு இருந்தவர்களையும் அவர் விசாரித்து எழுதினவர். வழியில் ஹைதர் பாளையக்காரர்களிடம் நல்ல வார்த்தை பேசினாராம். உங்கள் கஷ்டம் புரிகிறது, கப்பத்தைக் குறைக்கச் சொல்லி நானே ராஜாவிடம் சொல்கிறேன் என்கிற மாதிரி. அவர்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். அவர்களுடைய ஆடுமாடுகள் எந்த மேய்ச்சலில் இருக்கிறது என்று அதற்குள் ஆள் விட்டுப் பார்த்துவைத்து, ஒரே வாக்கில் ஓட்டிக்கொண்டு திண்டுக்கல் கோட்டைக்கு வந்துவிட்டார். பிறகு உடையவர்களுக்கே நல்ல விலைக்கு விற்றார்! மாடு வளர்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், தன் மாட்டைத் தானே காசு கொடுத்து மீட்பது எப்படிப்பட்ட வயிற்றெரிச்சல் என்று.

இனி நான் சொன்ன அந்த இடம். பழனி, விருப்பாச்சிப் பக்கம் நடந்த சண்டை முடிந்ததும் ஹைதர் மைசூருக்கு வெற்றிச் செய்தி அனுப்பினார். காயப்பட்ட சிப்பாய்களுக்கு குணமாகும்வரை மாதம் 14 ரூபாய் படி கேட்டார். கணக்குப் பார்க்க அங்கிருந்து ஒரு அதிகாரி வந்தார். உண்மையில் காயப்பட்டவர்கள் 67 பேர். ஹைதர் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 700 பேருக்குக் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டி வரிசையாக உட்காரவைத்துவிட்டார். வந்த அதிகாரி கட்டை எண்ணினார், காயத்தை எண்ணவில்லை. பணம் வந்தது. உண்மையான காயக்காரனுக்குக் கிடைத்தது பாதி, 7 ரூபாய்.

இன்னொன்று. படையை எண்ணிச் சம்பளம் கொடுப்பார்கள் அல்லவா, ஆட்களை வட்டமாகச் சுற்றி வரவிட்டு, எண்ணப்பட்டவனே திரும்ப வந்து நிற்கும்படி ஏற்பாடு செய்தாராம். 10,000 பேர் 18,000 பேராகக் கணக்கில் ஏறினார்கள். இதற்கெல்லாம் தலைநகரத்தில் அவருக்கு ஒத்தாசை, காண்டே ராவ் என்ற கணக்கர். ஹைதருக்கு எழுதத் தெரியாது, காண்டே ராவுக்கு எழுத மட்டும்தான் வேலை. இவர் செய்ததை அவர் எழுதினார், எழுதினதை தர்பாரில் நம்பவைத்தார்.

பிரியமானவர்களே, கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் பழைய செருப்பையும் காட்டி யோசுவாவை ஏமாற்றினதை நாம் எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறோம்! அந்த மஞ்சள் துணியை வாசித்த ராத்திரி எனக்கு வந்தது கிபியோன் ஞாபகம் அல்ல. வேறொன்று. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

இந்தப் பணத்தையெல்லாம் வீணாக்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஹைதர் வீண்செலவுக்காரர் அல்ல. திருச்சியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கைதேர்ந்த ஆட்களை வரவழைத்து, பிரெஞ்சுக்காரர் மேற்பார்வையில் திண்டுக்கல்லில் பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் மருந்துச் சாலையும் ஏற்படுத்தினார். ஐரோப்பிய முறையில் ஒழுங்கான ராணுவம் வேண்டும் என்று மற்ற ராஜாக்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இவர் நம் பாறையடியில் அதை உண்டாக்கிக் காட்டினார். பின்னாட்களில் ஆங்கிலேயரைப் பயப்படுத்தின சேனையின் தொட்டில் திண்டுக்கல் என்று சொன்னால் மிகையல்ல.

எல்லாம் ஜெயம் என்றும் இல்லை. 1757-ல் சோழவந்தானைப் பிடித்து மதுரை மதில்வரை போய்க் கொள்ளையிட்டார். கம்பெனியின் தளபதி யூசுப் கான், அதாவது நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர், நத்தம் கணவாய் வாயிலில் அவரை அடித்துத் துரத்தினார். இரண்டு பெரிய யுத்தவீரர்கள் நம் நத்தத்தில் மோதினார்கள் என்பது நத்தத்துக்காரர்களுக்கே தெரியுமோ என்னவோ.

1758-ல் சம்பளம் கிடைக்காத மைசூர் சிப்பாய்கள் மந்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஹைதர் திண்டுக்கல்லிலிருந்து போய்ப் பாக்கியைத் தீர்த்து அவர்களை அடக்கினார். அடுத்த வருஷம் மராட்டியர் வந்தபோதும் அவர்தான் தடுத்தார். அதோடு பட்டம், புகழ் எல்லாம் வந்தது. நஞ்சராஜன் ஓரம்கட்டப்பட்டார். திண்டுக்கல் கவர்னர் மைசூருக்கே எஜமான் ஆகிவிட்டார்.

ஆனால் 1760 ஆகஸ்டில் காண்டே ராவ் புரண்டுவிட்டார். ராஜமாதாவோடும் மராட்டியரோடும் ஒரு ரகசிய ஏற்பாடு. ஹைதரின் படையில் பெரும்பகுதி வெளியூரில் இருந்த சமயம் பார்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக்கூட விட்டுவிட்டு, ராத்திரியில் காவேரியைக் கடந்து ஹைதர் தப்பி ஓடினார். திப்பு அப்போது பத்து வயசுக்குள்ளான பையன். இத்தனை வருஷம் பொய்க் கணக்கு எழுதிக்கொடுத்த கை, எழுதச் சொன்னவனையே குத்திவிட்டது.

ஹைதர் திரும்பி வந்த விதமும் பாருங்கள். தான் கீழே தள்ளின நஞ்சராஜனுடைய வாசலில் போய் விழுந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷனும் இளகிவிட்டார். பிறகு நஞ்சராஜன் பேரில் பொய்க் கடிதங்கள் எழுதி, காண்டே ராவுடைய தளபதிகள் ஹைதரோடு சேரச் சம்மதித்துவிட்டார்கள் என்று தோன்றும்படி செய்து, அவை காண்டே ராவ் கையிலேயே சிக்கவிட்டார். அவர் பயந்து படையை விட்டு ஓட, ஹைதர் ஜெயித்தார். 1761-ல் மைசூர் அவர் கையில். அரண்மனைப் பெண்கள் காண்டே ராவுக்காக இரக்கம் கேட்டார்களாம். கிளியைப்போல வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று ஹைதர் வாக்குக் கொடுத்தார். அப்படியே இரும்புக் கூண்டில் அடைத்து, சாகும்வரை பாலும் சோறும் கொடுத்தார். வாக்கு தவறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படியும் ஒரு வாக்கு!

உடையார் ராஜாவை அவர் பேருக்கு வைத்திருந்தார். தசராவுக்கு தசரா ஜனங்களுக்குக் காட்டிவிட்டு, ஆட்சியைத் தான் நடத்தினார். 1763-ல் பெத்தனூரைப் பிடித்தார், பெரிய ஐசுவரியம் கிடைத்தது. மலையாளத்திலும் குடகிலும் அவர் சேனை செய்த கொடுமைகள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயத்தில் பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து வேலை கொடுத்தவர். பூர்ணய்யா போன்ற பிராமணர்கள் அவரிடம் பெரிய உத்தியோகத்தில் இருந்தார்கள். அவரவர் மார்க்கம் அவரவருக்கு என்று விட்டுவிட்டார்.

1767-ல் ஆங்கிலேயரோடு முதல் யுத்தம். 1769 மார்ச் மாதம், யாரும் எதிர்பாராத நேரத்தில் குதிரைப்படையோடு பாய்ந்து வந்து சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் நின்றார். கம்பெனிக்காரர் நடுங்கிப்போய் ஏப்ரலில் உடன்படிக்கை செய்தார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது, ஒருத்தருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் துணைக்கு வருவது. இதுதான் அதன் சாரம். அடுத்த வருஷமே மராட்டியர் மைசூர்மேல் வந்தார்கள். ஹைதர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கம்பெனியிலிருந்து ஒரு சிப்பாயும் வரவில்லை. 1771-ல் படுதோல்வி. திருச்சியில் பார்த்த அதே காரியம் இப்போது தன் தலையிலேயே விழுந்தது. இந்த வருத்தம் அவருக்குச் சாகும்வரை தீரவில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஊழியக்காரர் வருகிறார். கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யா தேசத்தார், 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர். திருச்சியில் பல வருஷம், பிறகு தஞ்சாவூரில். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது சபைச் சரித்திர நோட்டில் இவர் ஹைதர் அலியிடம் தூது போனார் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பரீட்சைக்கு எழுதினதோடு சரி.

1779-ல் கம்பெனி மாஹேயைப் பிடித்தது. மாஹே பிரெஞ்சுக்காரருடையது, ஆனால் ஹைதருக்கு ஆயுதம் வருகிற துறைமுகம். அவர் கோபம் எல்லை மீறிற்று. அவர் மனசை அறிய யாரையாவது அனுப்பவேண்டும். யாரை அனுப்புவது? ஆங்கிலேய தூதர் எவரையும் நம்பத் தயாராயில்லாத ஹைதர், அந்தப் பாதிரியாரை அனுப்பினால் பேசுகிறேன், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்ற கருத்தில் சொன்னதாக மிஷனெரி சரித்திரங்கள் கூறுகின்றன. சென்னை கவர்னர் ரம்போல்டும் ஐயரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவர் யோசித்து, ஜெபித்து, யுத்தத்தைத் தடுக்க முடியுமானால் போகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டு கரூருக்கு வந்தார். அது ஹைதரின் எல்லைக் கோட்டை. அனுமதி வர ஒரு மாதம் அங்கே காத்திருந்தார். யோசித்துப் பாருங்கள், நமக்குப் பக்கத்துக் கரூர். அப்புறம் மலை ஏறி ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஹைதர் அவரைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, ஐயருக்கு இந்துஸ்தானி தெரியும். தூது என்றால் வெறும் மரியாதை வார்த்தை அல்ல, ஆங்கிலேயர் செய்த ஒவ்வொரு வாக்குத் தவறுதலையும் ஹைதர் எடுத்துச் சொன்னார். சமாதானக் கை நீட்டினால் தன் கையையும் நீட்டத் தயார் என்றும் தெரிவித்தார்.

ஐயர் கண்ணால் பார்த்ததையும் எழுதிவைத்தார். ஹைதர் கடிதங்களை வாசிக்கக் கேட்டு உடனுக்குடன் பதில் சொல்வது, வேலை ஒன்றும் தேங்காமல் நடப்பது, அனாதைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்து வளர்ப்பது, இதையெல்லாம் மெச்சினார். சவுக்கோடு இருநூறு பேர் எப்போதும் நின்றதையும், பெரிய உத்தியோகஸ்தர்கள்கூட அடி வாங்காத நாள் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அன்பினால் அல்ல, பயத்தினால் நடக்கிற அரண்மனை. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஐரோப்பிய சிப்பாய்களைக் கூட்டி ஐயர் ஆராதனை நடத்தினார், ஒருத்தரும் தடுக்கவில்லை.

புறப்படும்போது வழிச்செலவுக்கு ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். ஐயர் வேண்டாம் என்றார். திருப்பிக் கொண்டுபோனால் எங்கள் உயிர் போய்விடும் என்று கொண்டுவந்தவர்கள் கெஞ்சவே வாங்கிக்கொண்டார். சென்னைக்குப் போனதும் அந்தப் பணத்தை அப்படியே கம்பெனி சபையார் முன் வைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்ன பிறகு, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை ஒதுக்கினார். மஞ்சள் துணிக் கணக்கையும் இந்த 300 ரூபாய்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனுஷனை எண்ணத் தெரிந்தவர் ஹைதர். பொய்க் கணக்கு எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அதனால்தான் பொய்யில்லாத ஒரு ஆளைக் கண்டதும் அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

ஐயர் கொண்டுவந்த செய்தியைச் சென்னையில் இருந்தவர்கள் சட்டை பண்ணவில்லை. 1780 ஜூலையில் ஹைதர் ஏறக்குறைய 90,000 பேரோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். பரங்கிமலையிலிருந்து பார்த்தால் எரிகிற கிராமங்களின் புகை தெரிந்தது. செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அழித்தார். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை அப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. அதே வருஷம்தான் விருப்பாச்சியில் எட்டு வருஷம் அடைக்கலமாயிருந்த வேலு நாச்சியார், ஹைதர் கொடுத்த படையின் துணையோடு சிவகங்கையை மீட்டார். விருப்பாச்சியில் கோபால் நாயக்கர் அவருக்கு இடம் கொடுத்திருந்தார். ஹைதரிடம் வாக்கு வாங்கினவர்களில் வாக்கு நிறைவேறக் கண்ட ஒருவர் இந்த ராணி.

அப்போது உலகத்தின் மறுபக்கத்தில் அமெரிக்கர்கள் இதே ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹைதர் பேர் அங்கேயும் எட்டியது. பென்சில்வேனியா மாநிலத்தார் ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பேர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8-ம் தேதி அந்தக் கப்பல் தன்னைவிடப் பெரிய ஜெனரல் மாங்க் என்ற ஆங்கிலக் கப்பலைப் பிடித்தது. திண்டுக்கல் பாறையடியில் பீரங்கி வார்த்தவர் பேரில் அமெரிக்க ஆற்றுமுகத்தில் பீரங்கி வெடித்தது!

ஆனால் நம் ஜனங்கள் பட்ட பாடு? 1781-ல் தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் ஹைதர் கையில், நகரக் கோட்டை ஒன்றுதான் மிச்சம். வாய்க்கால் கரைகள் உடைக்கப்பட்டன, விதைக்க ஆளில்லை. கோட்டைக்குள் பட்டினி, தெருவில் பிணம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் யாரும் மாடு கொடுக்க வரவில்லை. முன்பு நெல்லையும் மாட்டையும் பிடுங்கிக்கொண்டு காசு கொடுக்காமல் விட்டவர்கள் கோட்டைக்காரர்கள். ராஜா சொல்லியும் ஜனங்கள் நம்பவில்லை, கம்பெனி சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் ராஜா சுவார்ட்ஸ் ஐயரைக் கூப்பிட்டார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஐயர் ஊர் ஊராகச் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஒவ்வொருவருக்கும் கையில் காசு எண்ணிக் கொடுத்தார்.

அந்த யுத்தம் முழுவதிலும் அந்தப் பாதிரியாரை ஒருவரும் தொடக்கூடாது, போகிற இடத்துக்கெல்லாம் போகவிடுங்கள் என்று ஹைதர் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். தான் பட்டினி போடுகிற ஊருக்குள் சோறு கொண்டுபோகிறவர் என்று தெரிந்தும் அந்தக் கட்டளையை அவர் மாற்றவில்லை. இதை நான் பலமுறை வாசித்தேன். இந்த மனுஷனை எந்த வரிசையில் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பின்னால் 1783-ல் ஐயர் திப்புவிடம் தூது போகப் புறப்பட்டபோது சத்தியமங்கலத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. தகப்பன் திறந்த வழி மகன் காலத்தில் அடைபட்டது.

1781-ல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஆங்கிலத் தளபதி கூட்டிடம் ஹைதர் தோற்றார். பிரெஞ்சு உதவியும் நினைத்தபடி வரவில்லை. முதுகில் ராஜபிளவை வந்து, 1782 டிசம்பர் 7-ம் தேதி சித்தூர் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டைப் பாளயத்தில் மரித்தார். திப்பு மலையாளத்தில் இருந்தார். செய்தி தெரிந்தால் சேனை கலைந்துவிடும் என்று பூர்ணய்யாவும் மற்றவர்களும் உயிரோடிருக்கிற மாதிரியே காரியங்களை நடத்தினார்கள். பிரேதத்தை ஒரு பெட்டியில் வைத்து, கஜானாப் பெட்டி போகிறது என்று சொல்லி கோலாருக்கு அனுப்பினார்கள். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டின கும்பஸில் அடக்கம்.

திண்டுக்கல் 1783-ல் ஒருமுறை ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பி, 1790-ல் மறுபடி போய், 1792 உடன்படிக்கையில் நிரந்தரமாகப் போய்விட்டது. கீழே பேகம்பூர் இருக்கிறதே, ஹைதரின் தங்கை அமீருன்னிஸா பேகம் அங்கே அடக்கம்பண்ணப்பட்டதால் வந்த பேர் என்று சொல்கிறார்கள். பெரிய பள்ளிவாசல் பக்கம் போகும்போது பாருங்கள்.

இனி நான் கடைசியில் எழுதுகிறேன் என்று சொன்னது. போன வருஷம் நம் எழுப்புதல் கூட்டத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் ஒரு அறிக்கை வந்தது. 600 பேர் கலந்துகொண்டதாக அதில் இருந்தது. எழுதினவன் நான்தான். வாடகைக்கு எடுத்த நாற்காலி 200. பின்னால் இரண்டு வரிசை காலியாகவே கிடந்தது. பந்தி பரிமாறின சகோதரர் சொன்ன இலைக் கணக்கு 170. கர்த்தருடைய நாமம் மகிமைப்படட்டும் என்றுதான் கூட்டி எழுதினேன் என்று என் மனசுக்கு அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த 600-ஐப் பார்த்து வெளியூர் சகோதரர் ஒருவர் பந்தல் செலவுக்கென்று காணிக்கை அனுப்பியிருந்தார். 170 என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். அந்தச் சகோதரருக்கும் போன வாரம் கடிதம் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.